தெற்கு முகத்தில் ஆறு போல்ட்

பல்லிக்கும் அவள் தங்கை புருஷனுக்கும் பேச்சுவார்த்தை நின்று போயிருந்தது. ஒரே வீட்டில் மாடியில் அவள், கீழே அவர்கள். ஒரே வாசல், ஒரே படிக்கட்டு, ஒரே தண்ணீர்த் தொட்டி. காலையில் அவன் குளிக்கிற சத்தம் குழாய் வழியாக அவளுக்குக் கேட்கும். அவள் நாற்காலியை நகர்த்தினால் அவன் தலைக்கு மேலே உறுமும். நகர்த்த வேண்டிய அவசியமே இல்லாத நேரத்திலும் நகர்த்துகிறாள் என்பது தங்கையின் புகார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

பல்லி என்பது ஊர் வைத்த பெயர். ஊருக்குப் பின்னால் நிற்கும் கருங்கல் மலையில், பிடிக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பாள் என்பதால் வந்தது. மலை என்றதும் மரம், அருவி என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் அங்கே ஏமாந்து போவார்கள். அது ஒரே கல். அடிவாரத்திலிருந்து உச்சி வரை மொட்டை. வெயிலில் அடுப்பில் ஏற்றிய சட்டி, மழையில் சோப்புக் கட்டி. வா என்று கூப்பிடுகிற பக்கம் அதற்குக் கிடையாது. அப்படியும் விடுமுறை நாளானால் அடிவாரத்தில் கார் நிறுத்த இடம் இருக்காது. எங்கெங்கிருந்தோ கயிறும் கொக்கியும் மாட்டிக்கொண்டு வந்து, தொற்றி, தோலை உரித்துக்கொண்டு, சந்தோஷமாகத் திரும்பிப் போவார்கள். அவர்களை மேலே கூட்டிப்போவதுதான் பல்லிக்கும் தங்கை புருஷனுக்கும் தொழில். அதற்கு முன்னால் அவன் கதவு, ஜன்னல் செய்து கொண்டிருந்தான். உளியை விட்டுப் பல வருஷம் ஆகியும் ஊருக்கு அவன் தச்சன்தான்.

சண்டை மலையின் தெற்கு முகத்தைப் பற்றியது.

தெற்கு முகத்தின் நடுவில் ஒரு திண்டு இருக்கிறது. இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். அதற்கு மேலே கல் வெளியே பிதுங்கும். அதைத் தொப்பை என்பார்கள். தொப்பையைத் தாண்டினால் உச்சி வரை வழவழவென்று ஒரே பரப்பு. அதற்குப் பெயர் வழுக்கை. நடுவயது ஆம்பிளையின் மேல் ஏறுகிற மாதிரி என்று பல்லியே கிண்டலாகச் சொல்வாள். ஆனால் வழுக்கையில் நிற்கிறபோது யாருக்கும் சிரிப்பு வராது. அங்கே விரிசல் கிடையாது, கொக்கியைச் செருக ஒரு பொந்து கிடையாது. முன்னால் ஏறுகிறவருக்குக் கயிறு கீழேயிருந்துதான் வரும். கடைசியாகக் கொக்கி மாட்டிய இடம் எவ்வளவு கீழே இருக்கிறதோ, விழுந்தால் அதைத் தாண்டி இன்னும் அவ்வளவு தூரம் போக வேண்டும். வழுக்கையின் பாதியிலிருந்து விழுந்தால் திண்டில்தான் போய் அடிபடும். பின்னால் வருகிறவர் கதை வேறு. அவருக்குக் கயிறு மேலேயிருந்து. வழுக்கினால் ஒரு முழம் சறுக்குவார், கெட்ட வார்த்தை சொல்வார், அவ்வளவுதான்.

முதல் முதலில் அதை ஏறியது பல்லியும் தச்சனும். பல்லி முன்னால், தச்சன் பின்னால். அப்போது அவன் தங்கையைக் கட்டியிருக்கவில்லை. கல்யாணம் ஆகி, கடை போட்டு, கயிறும் காலணியும் வாடகைக்கு விட ஆரம்பித்த பிறகு, வருகிறவர்களிடம் அவன் "நாங்க ஏறினோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பொய் இல்லை. அவன் முன்னால் ஏறவில்லை என்பதை மட்டும் அவன் சொல்ல மாட்டான், அவளும் சொல்ல மாட்டாள். அந்த அளவுக்கு அவர்களுக்குள் நல்ல உறவு இருந்தது.

போன மழைக்காலத்தில் பல்லி கடை வாசல் படியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டாள். மலையில் இத்தனை வருஷம் விழாதவள் மூன்று படிக்கட்டில் விழுந்தாள் என்று ஊரே சிரித்தது. அவள் கட்டுப் போட்டுக்கொண்டு மாடியில் கிடந்த நாட்களில் தச்சன் துளை போடும் மெஷினைத் தூக்கிக்கொண்டு உச்சிக்குப் போய், கயிற்றில் தொங்கி, வழுக்கையில் வரிசையாக ஆறு போல்ட் அடித்துவிட்டு வந்தான். ஒவ்வொரு போல்ட்டிலும் கொக்கி மாட்ட ஒரு தகடு. இனி யார் விழுந்தாலும் கொஞ்ச தூரம்தான் விழுவார்கள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலணியைத் திருப்பிக் கொடுக்க வந்த ஒரு வாடிக்கையாளர்தான், தெற்கு முகம் இப்போது ஜோராக இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம் என்று அவளிடம் பாராட்டினார்.

அன்றைக்கே கடையில் வைத்துக் கேட்டாள். தச்சன் மழுப்பவில்லை. போன வருஷம் ஒருத்தர் அங்கே விழுந்து முதுகு போய்ப் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்றான். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, இருக்கிறதிலேயே அழகான முகம் சும்மா கிடக்கிறது என்றான். அவள் விடவில்லை. அந்தக் கல்லில் முதலில் கை வைத்தவளைக் கேட்காமல் எப்படித் துளை போடலாம் என்று நின்றாள்.

"நீ சாகாம ஏறினது உன் அதிர்ஷ்டம் பல்லி," என்றான் தச்சன். "அத ஊருக்கே சட்டமாக்காத."

அதில் பாதி உண்மை இருந்ததுதான் அவளைச் சுட்டது. பதிலுக்கு, இத்தனை வருஷம் வாயில் வராததை எடுத்துப் போட்டாள்.

"உனக்கு அது எப்படி இருக்கும்னே தெரியாது. நீ அதுல முன்னாடி ஏறினதே இல்ல. என் கயித்துல தொங்கிட்டு வந்தவன் நீ."

கடையில் நாலைந்து பேர் காலணி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கட்டிக்கொண்டிருந்த நாடாவை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார். தச்சன் கையைத் துணியில் துடைத்தான். முகம் கறுத்துப் போயிருந்தது.

"சரிங்க," என்றான். "நீங்க சொன்னா சரிதாங்க."

அதுவரை அவர்களுக்குள் நீ, வா, போதான். கல்யாணமான புதிதில் மாமியார் சொல்லுக்காக அவளை அக்கா என்று கூப்பிட்டுப் பார்த்து, அவனுக்கே சிரிப்பு வந்து விட்டுவிட்டான். மரியாதை கொடுத்தே ஒரு ஆளை வாசலுக்கு வெளியே நிறுத்தலாம் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் 'நீங்க' கூட நின்று போனது. சொல்ல வேண்டியதெல்லாம் தங்கை வழியாகப் போய்வந்தது. தங்கை மலையேறுகிறவள் இல்லை. ஏணியில் நின்று பல்பு மாட்டவே தலை சுற்றும் அவளுக்கு. கடையில் உட்கார்ந்து போன் எடுப்பது, யார் எந்த நாள் யாருடன் ஏறுகிறார்கள் என்று முடிவு செய்வது அவள் வேலை.

கால் சரியானதும் பல்லி ஒரு நாள் காலையில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, பின்பக்கப் பாதையில் உச்சிக்குப் போனாள். பையில் ஸ்பேனர், சின்னக் கடப்பாரை, சுத்தியல், பசை. உச்சியில் கயிற்றைக் கட்டி வழுக்கையில் இறங்கினாள். ஒவ்வொரு போல்ட்டாக நட்டைக் கழற்றி, தகட்டை உருவி, மிஞ்சி நிற்கும் தண்டைக் கடப்பாரையால் ஆட்டி ஆட்டி ஒடித்தாள். ஓட்டையில் கல்தூளைப் பசையில் குழைத்து அடைத்தாள். தச்சன் வேலை சுத்தமான வேலை. ஒவ்வொன்றும் லேசில் வரவில்லை. தோள் கழன்று விடும்போல வலித்தது. ஆறும் முடிந்தபோது வழுக்கை பழையபடி ஆகியிருந்தது. அதைப் பார்த்து ஒரு திருப்தி வந்தது. கொஞ்சம் கெட்ட திருப்தி.

திண்டில் நிற்கிறவருக்கு வழுக்கை தெரியாது, தொப்பை மறைத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். தொப்பையைத் தாண்டி ஏறிவிட்டால் திரும்பி இறங்குவது நடக்காத காரியம் என்பதும் தெரியும். ஆனால் அந்த வாரம் தெற்கு முகத்துக்கு யாரும் வருவதாக இல்லை. அதற்குள் எப்படியாவது செய்தி போய்விடும் என்று இருந்தாள். எப்படிப் போகும் என்று யோசிக்கவில்லை.

சாயங்காலம் வீடு திரும்பியபோது தங்கை படிக்கட்டில் துணிக்கூடையோடு நின்றாள். எங்கே போயிருந்தாய் என்று கேட்டதற்கு, காலுக்குப் பயிற்சி, பின்பக்கம் நடந்துவிட்டு வருகிறேன் என்றாள் பல்லி. தங்கை நம்பினாள். சும்மா பேச்சுக்கு, நாளைக் காலையில் ஒரு டீச்சர் வருகிறார், புதுசாகப் பழகுகிறவர், திடீரென்று கேட்டார், வீட்டுக்காரர் தெற்கு முகத்துக்குக் கூட்டிப்போகிறார் என்றாள்.

சொல்லிவிடலாம் என்று பல்லி வாயைத் திறந்தாள். வந்தது வேறு பேச்சு. புதுசாகப் பழகுகிறவர்களை எல்லாம் ஏற்றுகிற முகமா அது என்று கேட்டாள்.

தங்கை கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். அவளும் எத்தனை நாள்தான் பொறுப்பாள்.

"அவர் போல்ட் போட்டதாலதான் ஜனங்க வர்றாங்க. நீ ஏறினத யாருக்கா கேட்டா?"

தங்கை ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள், சண்டை வருமா வராதா என்று. பிறகு துணி உலர்த்தப் போய்விட்டாள். கீழே போய்க் கதவைத் தட்டி நாலு வார்த்தை சொல்ல அன்றைக்கும் நேரம் இருந்தது, மறுநாள் காலையிலும் இருந்தது. பல்லி தட்டவில்லை. அவன் மாட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தாளா, மாட்டிக்கொள்ள மாட்டான் என்று நினைத்தாளா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். இரண்டையும்தான் நினைத்தாள்.

காலையில் ரொட்டி வாங்கப் போவதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காரை எடுத்தாள். ரொட்டிக் கடைக்குப் போகிறவளுக்கு வண்டியில் நீளக் கயிறும் இடுப்புப் பட்டையும் எதற்கு? அவற்றை அவள்தான் எடுத்து வைத்திருந்தாள். அடிவாரத்து மைதானத்தில் நிறுத்தி, தூரக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். தச்சனின் மஞ்சள் ஹெல்மெட் திண்டில் இருந்தது. பக்கத்தில் டீச்சரின் நீல ஹெல்மெட். அவன் கயிறு எப்படிப் பிடிக்க வேண்டும் என்று இன்னொரு முறை காட்டுவது தெரிந்தது. பிறகு எழுந்து, தொப்பையில் கை வைத்தான். தொப்பையில் பழைய விரிசல் ஒன்று உண்டு. அதில் கொக்கி மாட்டினான். உடம்பை உந்தினான். மஞ்சள் ஹெல்மெட் தொப்பையைத் தாண்டி மேலே வந்தது.

அங்கே நின்றது.

முதல் போல்ட் இருக்க வேண்டிய இடத்தை அவன் கையால் தடவுகிறான். கீழே பார்க்கிறான். பிறகு, ஒன்றுதான் போயிருக்கும், அடுத்தது இருக்கும் என்று நினைத்தானோ என்னவோ, மேலே ஏறினான். அடுத்ததும் இல்லை. இன்னும் மேலே. வழுக்கையின் நடுவில் ஒரு காலை மட்டும் வைக்கக்கூடிய சின்னக் குழி ஒன்று இருக்கிறது. அதில் வந்து கல்லோடு கல்லாகச் சாய்ந்து நின்றான். அதற்கு மேல் நகரவில்லை.

பல்லி காரை எடுத்தாள். மலையின் பின்பக்கத்தில் பாதி உயரம் வரை மண் சாலை போகும். அதன் முடிவில் வண்டியைப் போட்டுவிட்டு, கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாள். ஒட்டிய கணுக்கால் ஒவ்வொரு அடிக்கும் குத்தியது. உச்சியை நெருங்குகிறபோது போன் அடித்தது. தங்கை.

டீச்சர் திண்டிலிருந்து கடைக்குப் போன் செய்திருக்கிறார். மேலே போனவரைக் கூப்பிட்டால் பதில் சரியாக வரவில்லை, போல்ட் இல்லை என்று ஏதோ கத்துகிறார், கயிற்றை விடவா இழுக்கவா என்று தெரியவில்லை என்று அழுகிறார். தங்கை இதைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டாள்.

"அக்கா, நீ எங்க இருக்க? உடனே மேல போக முடியுமா?"

"போயிட்டுதான் இருக்கேன். உச்சிக்குப் பக்கத்துல வந்துட்டேன்."

மறுமுனையில் தங்கை கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பது பல்லிக்குக் கேட்டது போலவே இருந்தது.

"நான் இப்பதான உனக்குச் சொல்றேன்," என்றாள் தங்கை. பிறகு வைத்துவிட்டாள்.

உச்சியில் கயிற்றைக் கட்டி இறங்கினாள். வெயில் ஏறியிருந்தது. கல் கையைச் சுட்டது. தச்சனுக்கு இரண்டு கை உயரத்துக்கு மேலே வந்து நின்றாள். குழியில் ஊன்றிய கால் தையல் மெஷின் ஊசி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் காலை எடுத்து மற்ற காலை வைக்கிறான். அது ஆடத் தொடங்கியதும் மறுபடி மாற்றுகிறான். இவ்வளவு நேரமும் அப்படித்தான் நின்றிருக்கிறான். முகம் முழுக்க வியர்வையும், பிடி வழுக்காமல் இருக்கக் கையில் பூசிய சுண்ணப்பொடியும். அவளைப் பார்த்ததும் அவனுக்கு ஆச்சரியம் வரவில்லை. முகத்தில் வந்தது வேறு ஒன்று.

"எத்தனய கழட்டுனீங்க?"

"எல்லாத்தையும்."

"நான் இன்னைக்கு வர்றேன்னு அவ உங்ககிட்ட சொன்னாளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் சாட்சிக்கு ஆள் கிடையாது.

"சொன்னா."

அவன் கண்ணை மூடித் திறந்தான். அவள் கயிற்றின் மறுமுனையை அவன் இடுப்புப் பக்கம் இறக்கினாள். அவன் அதைத் தொடவில்லை. வேண்டாம் என்றான், தானே ஏறிக்கொள்வேன் என்றான். சொல்லிவிட்டு ஒரு அடி எடுத்தும் வைத்தான். காலணி ரப்பர் கல்லில் கீச்சென்று வழுக்கியது. இரண்டு உள்ளங்கைகளும் தேயச் சறுக்கி வந்து, எப்படியோ குழியில் கால் பட்டு நின்றான். உள்ளங்கை பட்ட இடத்தில் கல்லின் மேல் இரண்டு சிவப்புக் கோடு.

"நீ விழுந்தா, பிடிச்சிருக்கற டீச்சரையும் கயிறு தூக்கிக் கல்லுல அடிக்கும்," என்றாள் பல்லி. "என்ன திட்டணும்னா மேல வந்து திட்டு."

அவன் கயிற்றை எடுத்தான். ரத்தத்தில் விரல்கள் வழுக்கி முடிச்சு விழவில்லை. ஒரு தடவை, இரண்டு தடவை. அவள் அவன் பக்கத்தில் இறங்கி, கயிற்றை வாங்கி, அவன் இடுப்புப் பட்டையில் கோத்தாள். அவன் மூச்சு அவள் கழுத்தில் பட்டது. புளித்த வாசம். பயந்த ஆளின் வாசம்.

"தொடாதீங்க," என்றான் தச்சன், வேறு பக்கம் திரும்பிக்கொண்டு. அவள் முடிச்சை இறுக்கி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தாள்.

மேலே வந்து சேர்ந்த பிறகு அவன் திட்டவில்லை. உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சரை விட்டுவிட்டுப் போக முடியாது. மேலேயிருந்து கயிறு போட்டு இருவரும் சேர்ந்துதான் அவரை ஏற்றினார்கள். ஒருவர் இழுக்க ஒருவர் பிடிக்க, பல வருஷப் பழக்கத்தில் கைகள் தாமாக ஒத்துழைத்தன. முகங்கள் ஒத்துழைக்கவில்லை. டீச்சர் வந்ததும் கல்லில் மல்லாந்து படுத்துவிட்டார். கொஞ்சம் தண்ணீர் குடித்த பிறகு, இங்கே போல்ட் இருக்கும் என்றுதானே கடையில் சொன்னார்கள் என்று கேட்டார்.

"இருந்துச்சு. கழட்டிட்டாங்க," என்றான் தச்சன்.

"யாரு?"

"குடும்பத்துல ஒருத்தங்க."

டீச்சர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இருவருக்கும் நடுவில் இருந்த தன் பையை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இறங்கும் வழி முழுக்க அவர் பல்லியோடு பேசவில்லை, பக்கத்தில்கூட நடக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பல்லி இருக்க முடியாது என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த வாரமே மார்க்கெட்டுக்குப் பின்னால், தையல்காரர் ஒருவரின் கடைக்கு மேலே ஒரு அறை பார்த்துக்கொண்டு போனாள். ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி அவளைப் பார்த்ததும் எதிர்ச்சாரிக்குப் போனது. மறு பாதி அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, கல்லின் மானத்தைக் காப்பாற்றினாய் என்று தோளில் தட்டியது. முதல் பாதியைவிட இந்தப் பாதிதான் அவளுக்குத் தாங்கவில்லை.

தச்சன் கை ஆறியதும் மெஷினைத் தூக்கிக்கொண்டு மறுபடி மலைக்குப் போனான். அந்த முற்பகல் முழுக்கத் துளை போடுகிற சத்தம் மலையில் மோதி ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. முன்பு ஆறு, இப்போது எட்டு என்று தையல்காரர் வந்து சொன்னார். தோள் தட்டியவர்களில் இரண்டு பேர் கடப்பாரையோடு அவள் அறைக்கு வந்தார்கள். நீங்கள் வரவேண்டாம், வழி மட்டும் காட்டுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். பல்லி கதவைப் பாதிக்கு மேல் திறக்கவில்லை. போய்விடுங்கள் என்றாள். மனம் மாறிவிட்டதா என்று ஒருவர் குத்தலாகக் கேட்டார். மாறவில்லை என்றாள். அதுவும் உண்மைதான். இன்றைக்கும் யாராவது கேட்டால் அந்தப் போல்ட் அங்கே இருக்கக் கூடாது என்றுதான் சொல்வாள்.

மாடிச் சாவியை வாங்கத் தங்கை வந்தாள். உள்ளே வா என்றதற்கு வரவில்லை. வாசலிலேயே நின்றாள். மாடியில் விட்டுப்போன இரண்டு போர்வையை மடித்து எடுத்து வந்திருந்தாள். அதைக் கொடுத்தாள். கணுக்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள், பழக்க தோஷத்தில். பல்லி சாவியைத் தேடி எடுத்து நீட்டினாள். தங்கை வாங்கவில்லை.

"ஒன்னு கேக்கணும்க்கா. அன்னைக்கு அவர் விழுந்திருந்தா, எங்கிட்ட என்ன சொல்லியிருப்ப?"

கீழே தையல் மெஷின் ஓடி ஓடி நின்றது. பல்லிக்கு நல்ல பதில்கள் நாலைந்து தெரிந்தன. அவற்றை விட்டுவிட்டாள்.

"எனக்கு எதுவும் தெரியாதுன்னு சொல்லியிருப்பேன்."

தங்கை தலையாட்டினாள். எதிர்பார்த்த பதில்தான் என்பது போல.

"நானும் நம்பியிருப்பேன்," என்றாள். பிறகு சாவியை வாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி, செங்குத்தான அந்தப் படிக்கட்டில் ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து இறங்கினாள். அவளுக்கு உயரம் என்றால் பயம். கை கொடுக்கலாம் என்று பல்லி ஒரு அடி முன்னால் வந்தாள். தங்கை திரும்பிப் பார்க்காமலே, வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.